செம்பட்டையும் ஊதாவும்

தங்களுக்கென்று தனி உடை, தனிப் பாட்டு, தனிப் பேச்சு வைத்துக்கொண்டிருக்கும் பதின்வயதுக் கூட்டங்கள் தமிழ்நாட்டில் இன்று பல இருக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, புள்ளிங்கோ. வடசென்னைக் கானாப் பாட்டோடு வளர்ந்த இந்தப் பையன்களின் பெயரை, கானா ஸ்டீபன் பாடிய ‘கும்பலாக சுத்துவோம்’ 2019 வாக்கில் கன்னியாகுமரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே ஆண்டு ‘பிகில்’ படத்தில் விஜய் பாடிய ‘வெறித்தனம்’ பாட்டிலும் அந்தச் சொல் ஏறிவிட்டது. இரண்டாவது, ஆர்மி. 2013 ஜூன் 13 அன்று அறிமுகமான பி.டி.எஸ். என்ற தென்கொரியக் குழுவின் ரசிகர் கூட்டம் இது. நம் ஊரில் இதில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்.

புள்ளிங்கோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒழுங்கு, ரவுடித்தனம், போலீஸ் என்று பேசுகிறார்கள். ஆர்மியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பைத்தியம், வயசுக் கோளாறு என்று பேசுகிறார்கள். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் தலைமுடிக்கு நிறம் ஏற்றுவது, கும்பலாகச் சேர்வது, ஒரு பாட்டுக்காக உயிரை விடுவது, கைப்பேசியில் தன்னைக் காட்டிக்கொள்வது என்று இரண்டு கூட்டமும் செய்கிற காரியங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். காரியம் ஒன்றாக இருந்தும் ஊர் அதை இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஏன் என்று கேட்பதுதான் இந்த ஒப்பீட்டின் வேலை.

முடியிலிருந்தே தொடங்கலாம். அதில்தான் எல்லாம் வெளியே தெரிகிறது.

கறுப்பு முடியின் நிறத்தை எடுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த பிளீச் வேண்டும். அது முடிக்குள் புகுந்து மெலனினைச் சிதைக்கும். கறுப்பு ஒரேயடியாக வெளுத்துவிடாது. முதலில் செம்பழுப்பு, பிறகு செம்பு, பிறகு ஆரஞ்சு, அதற்கப்புறம் மஞ்சள், கடைசியில் வைக்கோல் நிறம் என்று படிப்படியாகத்தான் இறங்கும். தெருமுனை சலூனில், “ணா, முன்னாடி மட்டும் கோல்டு அடிச்சு வுடுணா” என்று உட்காரும் பையனுக்கு ஒரு தடவைதான் பிளீச் போடுவார்கள். ஒரு தடவை போட்டால் நிறம் போய் நிற்கும் இடம் செம்பு. பக்கவாட்டில் மெஷின் போட்டு ஒட்ட வெட்டி, மேலே நீளமாக விட்டு, நெற்றியில் விழும் கற்றைக்கு மட்டும் ஏற்றிய அந்தச் செம்பு நிறம்தான் புள்ளிங்கோ கட்டிங்கின் அடையாளம்.

பி.டி.எஸ். பையன்களின் தலையில் வரும் ஊதாவும் இளஞ்சிவப்பும் வெள்ளியும் அதே வேதியியல்தான். ஆனால் அந்த நிறங்கள் பிடிக்க வேண்டுமானால் முடி கடைசிப் படியான வைக்கோல் நிறம் வரை போயாக வேண்டும். இரண்டு மூன்று தடவை பிளீச், நடுவே முடிக்கு ஓய்வு, மஞ்சளைக் கொல்ல டோனர், அதற்கு மேல் சாயம், சாயம் கழுவிப் போகாமலிருக்கத் தனி ஷாம்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இதைப் பார்த்து ஆசைப்படும் சென்னைப் பெண் கல்லூரியில் சேரும் வரை காத்திருந்து, வீட்டில் கெஞ்சி, காதுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும்படி ஒரே ஒரு கற்றைக்கு ஊதா ஏற்றிக்கொள்கிறாள். ஊதா அவர்களுக்கு அன்பின் நிறம். 2016 நவம்பரில் குழுவின் வி என்ற பாடகர் மேடையில் அப்படிச் சொன்ன நாளிலிருந்து.

ஆக, செம்பா ஊதாவா என்பது ரசனை மட்டும் சொல்கிற விஷயம் இல்லை. பிளீச்சை எந்தப் படியில் நிறுத்தக் கையில் காசு இருந்தது என்பதையும் அது சொல்கிறது. ஒரு காலத்தில் எண்ணெய் காணாமல், சத்துணவு காணாமல், வெயிலில் அலைந்து செம்பட்டையான தலை என்றால் அது இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளையின் தலை. இன்று அதே வீட்டுப் பேரப்பிள்ளை தன் சம்பாத்தியத்தில், தன் விருப்பத்தில் அந்த நிறத்தை வாங்கி நெற்றியில் போட்டுக்கொள்கிறான். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் அந்தத் தலைக்குக் கத்தரிக்கோல் காத்திருக்கிறது. பள்ளி வளாகத்துக்கே முடிதிருத்துபவரை வரவழைத்து வரிசையில் உட்காரவைத்து வெட்டிவிட்ட செய்திகளும், ‘இந்த மாதிரி கட்டிங் போடாதீர்கள்’ என்று சலூன்காரர்களைத் தலைமையாசிரியர்கள் கேட்டுக்கொண்ட செய்திகளும், இளைஞர்களைப் பிடித்து முடிவெட்டி அனுப்பிய காவலர்களைப் பாராட்டிய செய்திகளும் தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. பெற்றோரும் அதை வரவேற்கிறார்கள். தன் பிள்ளையைப் போலீஸ் சந்தேகத்தோடு பார்த்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சந்தேகப்படுகிறவரைக் கேள்வி கேட்காமல், சந்தேகத்துக்கு ஆளானவனின் தலையை மழிப்பதில் என்ன நியாயம்?

இந்த இடத்தில் கொரியாவின் சொந்தக் கதை நமக்கு உதவும். இன்று வண்ண முடியை உலகத்துக்கே ஏற்றுமதி செய்யும் அதே நாட்டில், 1973-இல் பார்க் சுங் ஹீயின் சர்வாதிகார அரசு சிறுகுற்றச் சட்டத்தைத் திருத்தி, ஆண்கள் முடி வளர்ப்பதையும் பெண்கள் குட்டைப் பாவாடை அணிவதையும் குற்றமாக்கியது. போலீஸ்காரர்கள் கையில் கத்தரிக்கோலும் அளவுகோலும் வைத்துக்கொண்டு சியோல் தெருக்களில் நின்றார்கள். பையன்களைப் பிடித்து நடுத்தெருவில் முடி வெட்டினார்கள். அதே 1973-இல்தான் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் அந்தக் குடியிருப்பு விருந்தும் நடந்தது. பின்னாளில் கொரியப் பாட்டின் முதுகெலும்பாகப் போகிற இசை அங்கே பிறந்த ஆண்டில், சியோலில் அதைப் பாடப்போகிறவர்களின் அப்பாக்களுடைய முடி தரையில் விழுந்துகொண்டிருந்தது.

ஆட்சி மாறியும் அந்தப் பார்வை உடனே மாறவில்லை. 1990களில்கூடச் சாயம் பூசிய முடியும் காதணியும் கொரிய அரசுத் தொலைக்காட்சிக்கு ஒவ்வாத பொருள்களாகத்தான் இருந்தன. 2012-இல் சியோல் நகரம் மாணவர் உரிமைகளுக்கென்று ஒரு விதி இயற்றியது. 2018-இல் அந்நகரக் கல்வித் தலைவர், மாணவர்கள் முடிக்குச் சாயம் போடுவதையும் சுருட்டிக்கொள்வதையும் பள்ளிகள் தடுக்க வேண்டாம் என்று அறிவித்தார். 2021-இல் பி.டி.எஸ். எழுவரையும் அதிபர் தன் சிறப்புத் தூதர்களாக நியமித்து ஐ.நா. சபைக்கு அழைத்துப் போனார். முடி வெட்டிய அரசு, வண்ண முடிக்காரர்களைத் தூதர்களாக அனுப்பும் இடத்துக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. நடுவில் அந்தப் பையன்கள் யாரும் ஒழுங்காக மாறிவிடவில்லை. பார்க்கிற கண்தான் மாறியது. பணம் வரத் தொடங்கியதும் கண் இன்னும் வேகமாக மாறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி பாட்டு. இங்கே இரண்டு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் உண்மையிலேயே பெரியது.

கானா சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, ராயபுரம் போன்ற பகுதிகளில், துறைமுகத்திலும் ஆலையிலும் மீன்சந்தையிலும் உழைத்துவிட்டு வந்த மக்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தங்களில் ஒருவரை இழந்த இரவில் பாட்டுக்காரரை அழைப்பார்கள். அவர் வந்ததும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வார்: இறந்தவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், பெண்சாதி பெயர், பிள்ளைகள் பெயர், யாரோடு சேர்ந்து சுற்றுவார். பிறகு டோலக் தட்ட, அந்தப் பெயர்களையெல்லாம் பாட்டில் கோத்து விடியும் வரை பாடுவார். பதினாறாம் நாள் படத்திறப்புக்கும் கானா உண்டு. சாவு வீட்டில் நையாண்டியும் இருக்கும், வாழ்க்கைத் தத்துவமும் இருக்கும். அழுதுகொண்டிருப்பவர்கள் நடுவில் சிரித்துவிடுவார்கள். பஸ்ஸின் தகரத்தையும் ரயில் பெட்டியின் பக்கத்தையும் தாளமாக்கிக்கொண்டு கல்லூரிப் பையன்கள் பாடும் கானா இதன் இன்னொரு கிளை.

சினிமா இதை அவ்வப்போது வந்து எடுத்துக்கொண்டது. 1990களில் தேவா அதை இசைத்தட்டுக்குள் கொண்டுவந்தார். 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் ‘வாளமீனுக்கும்’ பாடித் தானே திரையிலும் வந்தார். 2012-இல் ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலா வந்தார். 2015-இல் ‘அனேகன்’ படத்தின் ‘டங்கா மாரி’யில் ரோகேஷின் வரிகளும் மரண கானா விஜியின் குரலும் வந்தன. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில், டென்மாவின் இசைப் பொறுப்பில், காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு மேடையேறியபோதுதான் கானா யாருடைய சந்தோஷத்துக்காகவும் இல்லாமல் தன் அரசியலைத் தானே பேசியது. அந்தக் குழுவின் இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானா உலகில் பாடிய பெண், 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

கே-பாப் எனப்படும் கொரியப் பாட்டு வந்த வழி வேறு. 1992-இல் சியோ டைஜியும் அவர் தோழர்கள் இருவரும் கொரிய மொழியில் ராப் பாடித் தொலைக்காட்சியை உலுக்கினார்கள். 1995-இல் லீ சூ மான் எஸ்.எம். எண்டர்டெயின்மெண்டைத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, வருஷக்கணக்கில் பாட்டும் ஆட்டமும் வேற்றுமொழியும் கேமராவுக்கு முன்னால் நிற்கவும் பழக்கி, ஒரு நாள் குழுவாக அரங்கேற்றும் பயிற்சி முறை அங்கிருந்து நிலைபெற்றது. புதுப் பாட்டோடு மேடைக்குத் திரும்பும் ஒவ்வொரு ‘கம்பேக்’குக்கும் ஒரு கருப்பொருள், அதற்கேற்ற முடி நிறம், உடை, மேடை, புகைப்படப் புத்தகம் எல்லாம் நிறுவனம் முடிவுசெய்யும். இளம்வயதிலேயே கையெழுத்தாகும் நீண்ட ஒப்பந்தங்களும், அவை நீதிமன்றம் வரை போன வழக்குகளும் இந்தத் தொழிலின் இருண்ட பக்கம்.

தெருவில் பிறந்தது கானா, தொழிற்சாலையில் பிறந்தது கே-பாப் என்று இதோடு முடித்துவிடுவது எளிது. முழு உண்மை அது இல்லை. பி.டி.எஸ்.ஸை உருவாக்கிய பிக் ஹிட் அன்று சிறிய நிறுவனம், குழுவின் ஆர்.எம்., சுகா இருவரும் அதற்கு முன்பே ‘அண்டர்கிரவுண்ட்’ மேடைகளில் ராப் பாடிக்கொண்டிருந்த பையன்கள். தேர்வு நெருக்கடி, பணமின்மை, மனச்சோர்வு என்று அவர்கள் தாங்களே எழுதியவைதான் நம் ஊர்ப் பதினேழு வயதுப் பெண்ணைப் போய்த் தொட்டன. கானாவும் முழுக்கத் தெருவில் நிற்கவில்லை. இன்றைய கானாப் பையன் ராப்பையும் ஆட்டோடியூனையும் சேர்த்துக்கொண்டு கைப்பேசியிலேயே பாட்டை முடித்துவிடுகிறான்.

நான் காணும் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. புள்ளிங்கோ பையன் பாடுகிறவன். சாவுக்குத்துக்கு ஆடும்போது அவனுக்கு வகுத்துக் கொடுத்த அசைவு எதுவும் இல்லை. அடி எப்படி விழுகிறதோ அப்படி உடம்பு போகிறது. ஆர்மிப் பெண் கேட்கிறவள். அவள் ஆடினாலும் ஏற்கெனவே வகுத்த ஆட்டத்தைக் கைவிரல் கோணம் பிசகாமல் திருப்பி ஆடுகிறாள். மால் வாசலில் எந்தப் பாட்டு வந்தாலும் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்று ஆடும் ‘ரேண்டம் ப்ளே டான்ஸ்’ அவள் பெருமிதம். படைப்பவன் அவன், பெற்றுக்கொள்பவள் அவள் என்று தோன்றும். ஆனால் இணையத்துக்குள் போனதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது.

புள்ளிங்கோவின் மேடை டிக்டாக். மொழித்திறமை வேண்டாம், நல்ல கேமரா வேண்டாம், பின்தொடர்பவர்கள் இல்லாவிட்டாலும் ஒரு வீடியோ ஊரெல்லாம் போய்ச் சேரலாம் என்ற வசதி இந்தப் பையன்களுக்கு அதற்கு முன் எங்கேயும் கிடைத்ததில்லை. மொட்டைமாடி, டியோ ஸ்கூட்டர், ரயில்வே கேட், சுவர் என்று கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தச் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்து, அதே மாதம் நீக்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளை ஒன்றாகத் தடைசெய்தபோது டிக்டாக்கும் போனது. அத்தனை ஆட்டமும் பாட்டும் ஒரே இரவில் கைக்கு எட்டாமல் போயின. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது, சில வாரங்களில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது, பையன்களும் அங்கே போனார்கள். ஆனால் பழையதை எடுத்து வைத்தவர் எவரும் இல்லை. எந்தத் தாளம் எந்தத் தெருவிலிருந்து வந்தது, எந்த வரியை யார் முதலில் பாடினார் என்பதற்கு இன்று சாட்சி கிடையாது.

ஆர்மி எதையும் தொலைப்பதில்லை. பி.டி.எஸ். நேரலையில் பேசி முடித்த சில மணி நேரத்தில் ரசிகர்கள் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துவிடுகிறார்கள். அங்கிருந்து தமிழுக்கு எடுத்துவரும் பெண்கள் இருக்கிறார்கள். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் உரை உண்டு: கொரியப் பேச்சுவழக்கில் அது என்ன, எந்த நாவலைச் சுட்டுகிறது, முந்தைய எந்தப் பாட்டுக்குப் பதில் என்று எழுதி வைக்கிறார்கள். நம் ஊர் இலக்கிய உரைகாரர்களின் உழைப்புக்கு இது குறைந்ததில்லை. தரவரிசைப் பட்டியல்களின் விதிகளை அவர்கள் கரைத்துக் குடித்திருக்கிறார்கள்: எந்தப் பார்வை கணக்கில் சேரும், எது சேராது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் எந்திரம் என்று தள்ளிவிடாமலிருக்க நடுவில் என்ன செய்ய வேண்டும். 2021-இல் ‘பட்டர்’ பாட்டுக் காணொளி வெளியான 24 மணி நேரத்தில் 10 கோடிக்கும் அதிகமான பார்வைகளைத் தாண்டியது இப்படித்தான். 2020 ஜூனில் கறுப்பின மக்களின் நீதிப் போராட்டத்துக்குக் குழு 10 லட்சம் டாலர் கொடுத்ததும், ரசிகர்கள் ஒன்றிரண்டு நாளில் அதே அளவு தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள்.

இந்தத் திறமையை வெறும் நட்சத்திர மோகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆவணப்படுத்துதல், மொழிபெயர்ப்பு, கணக்கு, நிதி திரட்டல், ஆள் சேர்த்தல் எல்லாம் இதில் இருக்கின்றன. சம்பளம் இல்லாமல், யாரும் சொல்லித்தராமல், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நடுவில் செய்கிறார்கள். அதே நேரம் இந்த உழைப்பு முழுவதும் யாருக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். சி.டி. போட வீட்டில் கருவி இல்லாதவளும் ஆல்பம் வாங்குகிறாள், உள்ளே வரும் புகைப்பட அட்டைக்காக. ஏழு பேரில் யார் படம் வரும் என்று பிரித்துப் பார்க்கும்வரை தெரியாது. தன் ‘பயஸ்’, அதாவது குழுவில் தனக்கு மிகப் பிடித்தவர், வராவிட்டால் இன்னொன்று வாங்க வேண்டும், அல்லது மாற்றிக்கொள்ள ஆள் தேட வேண்டும். தெரியாமல் வைத்திருப்பதே அந்த வியாபாரத்தின் சூத்திரம். சுங்கமும் கப்பல் செலவும் சேர்ந்துகொள்வதால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வரவழைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள்.

புள்ளிங்கோவின் செலவு வேறு மாதிரி. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய ஒட்டிப்பிடிக்கும் பேன்ட், சலூன், வண்டிக்குப் பெட்ரோல். பெரும்பாலும் கேட்டரிங் வேலையிலோ டெலிவரியிலோ சம்பாதித்த காசு. ஆர்மிப் பெண் போடும் தொளதொளத்த டி-சர்ட்டும் அவன் போடும் ஒட்டிய டி-சர்ட்டும் அநேகமாகத் திருப்பூரில்தான் தைக்கப்பட்டிருக்கும். அவனுடைய பாட்டு சம்பாதித்துக் கொடுத்த பணமோ அவனுக்கு வருவதில்லை. மெட்டைப் பொதுச்சொத்தாக வைத்திருக்கும் மரபு கானாவுடையது. ஒரு மெட்டில் நூறு பேர் பாடுவார்கள். சாவு வீட்டில் அது அழகான பழக்கம். ஒலிப்பதிவு நிறுவனத்தின் வாசலில் அதுவே அவனுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

பெயர் போடும் விஷயத்தில் இந்த வலி இன்னும் கூர்மையானது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெங்கும் பரவியது. அரக்கோணத்துக்காரரான அறிவு அதை எழுதினார், பாடினார். நிலமற்றவர்களாக ஆக்கப்பட்ட தன் முன்னோரின் கதை அதற்குள் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டைப் பேசும் அட்டைப்படத்தில் அறிவை விட்டுவிட்டது. பா. இரஞ்சித் உட்படப் பலர் வெளிப்படையாகக் கேட்ட பிறகே அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. பி.டி.எஸ். குழுவில் ஒருவரின் பெயர் இப்படி விடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மணி நேரத்தில் பத்து மொழியில் கேள்வி எழுந்திருக்கும். எந்த வரியை யார் எழுதினார் என்ற பட்டியலோடு வந்து நின்றிருப்பார்கள்.

புள்ளிங்கோ தரப்பின் குறையை மூடிப் பேசுவதும் சரியில்லை. இணையத்தில் பரவிய கானாக்களில் கணிசமானவை காதலித்து விட்டுப்போனவளைத் திட்டும் பாட்டுகள். சில அதைவிடக் கீழே போயிருக்கின்றன; பெண்குழந்தைகளைப் பற்றி எழுதக்கூடாததை எழுதி வழக்கு வரை போனதும் உண்டு. அந்தக் கும்பலில் பெண்ணுக்கு இடம் அநேகமாகப் பாட்டில் வரும் ஆளாக மட்டும்தான். ஆர்மியின் பெரிய ஈர்ப்பே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேடையில் அழுகிற, ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்கிற, பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படாத ஆண்களைப் பார்க்கிறார்கள் இந்தப் பெண்கள். நம் சினிமா அவர்களுக்குக் காட்டிய நாயகன் பின்னாலேயே வந்து தொல்லை கொடுத்தவன். அதனால்தான் “மையெல்லாம் போட்டுக்கிட்டு பொம்பளை மாதிரி இருக்கான்” என்று அண்ணனோ மாமாவோ கேலி செய்யும்போது அவர்களுக்கு அவ்வளவு கோபம் வருகிறது. கேலி செய்கிற அந்த அண்ணனே கண்ணாடி முன் அரை மணி நேரம் நின்று நெற்றிக் கற்றையைச் சரிசெய்துவிட்டுக் கடுக்கன் போட்டுக்கொண்டு கிளம்புகிறவனாக இருக்கலாம். ஆண் தன்னை அழகுபடுத்திக்கொள்ளும் உரிமை என்பதில் இரண்டு கூட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றன. அது இருவருக்குமே தெரியவில்லை.

ஆர்மி என்றால் இங்கிலீஷ் மீடியம், வசதியான வீடு என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. நெட்ஃபிளிக்ஸ் நம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே, 2013-இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பியது. கேபிள் இணைப்புள்ள கிராமத்து வீடுகளில் அம்மாவும் மகளும் அவற்றைச் சேர்ந்து பார்த்தார்கள். சென்னைக்கும் கொரியாவுக்கும் அதற்கு முந்தைய உறவும் உண்டு. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் முதல் காரை ஓட்டிவிட்டது, 2006-இல் சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் தொடங்கியது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துப் பள்ளி மாணவிகள் சிலர், சேர்த்து வைத்த சில ஆயிரம் ரூபாயோடு, விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறிக் கொரியாவுக்குப் போய்விடலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பி, காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாங்கள் பேசுவதைக் கேட்க ஆள் இருக்கும் இடம் என்று ஒரு கடல்தாண்டிய ஊரை அந்தக் குழந்தைகள் நம்பியிருந்தார்கள்.

பையனுக்குக் கத்தரிக்கோல், பெண்ணுக்குக் கேலி. பையனை அடக்கும் பார்வைக்குள் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன: வியாசர்பாடிப் பையனின் செம்பு முடி குற்றமாகத் தெரியும் அதே ஊரில், படத்தில் வரும் நாயகனின் செம்பு முடி ஸ்டைல். பெண்ணை அடக்கும் பார்வை அவளுக்குப் பிடித்த எதையும் அறியாமை என்று பெயரிட்டு விடுகிறது. கிரிக்கெட் ஆட்டக்காரரின் சராசரியை எழுபது வருஷத்துக்கு ஒப்பிக்கும் ஆணை யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை.

இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளத் தொடங்கினால் நடக்கக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. கானாவிடம் பாட்டு இருக்கிறது, பதிவு இல்லை. ஆர்மியிடம் பதிவு செய்யும் கலை இருக்கிறது, அதைச் செலவழிக்க நம் ஊரில் பொருள் தேடவில்லை. கொரிய வரிக்கு அடிக்குறிப்பு எழுதத் தெரிந்த பெண்ணுக்கு, காசிமேட்டுக் கானாவில் வரும் துறைமுகச் சொல்லுக்கு அடிக்குறிப்பு எழுத ஒரு வாரம்கூடத் தேவைப்படாது. அவளுடைய தாத்தாவே அங்கே மூட்டை சுமந்தவராக இருக்கலாம். பெரிய நிதியோ நிறுவனமோ இதற்கு வேண்டாம். இன்று இரவு புளியந்தோப்பில் பாடப்படும் ஒரு மரண கானாவுக்குக் கீழே நாலு வரி போதும்: யார் பாடினார், டோலக் யார், எந்தத் தெரு, யாருடைய சாவுக்கு.